அருள்வனத்தின் பின்கேட்

பின்கேட்டைப் பூட்டிவிட்டார்கள் என்று பாஞ்சாலையிடம் வந்து சொன்னது, அதைப் பூட்டியவனேதான். அவள் புருஷன் தருமன்.

"நாளிக்கிலேர்ந்து ஏரிக்கரையா சுத்திக்கினு வா," என்றான், செக்யூரிட்டி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி. "மீட்டிங்ல முடிவு பண்ணிட்டாங்க. பூட்டு வாங்கியாந்து எங்கிட்டதான் குடுத்தாங்க."

"ஊர்க்காரன் கையாலயே பூட்ட வெச்சிட்டாங்களா," என்று அவள் சிரித்தாள். அன்றைக்கு அது சிரிக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது.

அடி அண்ணாமலையில் பாஞ்சாலையின் தெருவுக்கும் கிரிவலப் பாதைக்கும் நடுவில் இருப்பது அருள்வனம். ஐம்பத்திரண்டு வீடுகள், எட்டடி உயரக் காம்பவுண்டு சுவர், உள்ளே ஒரு பார்க். அது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளையும் கொல்லையாக இருந்த காலத்தில் தெருக்காரர்கள் வரப்பு வழியாக நடந்து பாதைக்குப் போவார்கள். சுவர் எழும்பியபோது ஊர் கூடிச் சத்தம் போட்டதால், ஆள் நுழையும் அளவுக்கு ஒரு இரும்புக் கேட்டைப் பின்பக்கம் வைத்துக் கொடுத்தார்கள். அது வழியாகத்தான் பெண்கள் உள்ளே வீட்டு வேலைக்குப் போனார்கள். பிள்ளைகள் பஸ்ஸைப் பிடித்தார்கள். போன தை மாதம் உள்ளே ஒரு சைக்கிளும் இரண்டு பித்தளைக் குழாய்களும் காணாமல் போயின. எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. கேட்டுக்குப் பூட்டு வந்தது, மேலே ஒரு கேமராவும் வந்தது.

சுற்றிப் போனால் அரை மணி நேரம். பிளஸ் டூ படிக்கும் மகள் இனியா ஏழரைக்குக் கிளம்புவதை ஏழு மணியாக்கிக்கொண்டாள். தெருக்காரர்கள் வேங்கிக்கால் போய் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்து, ஒரு ரசீதை வாங்கி வந்தார்கள். அதற்குப் பிறகு நடப்பது பழகிவிட்டது.

பாஞ்சாலை வேலை செய்தது பத்தொன்பதாம் நம்பர் வீட்டில், ஹைமவதி மாமியிடம். அந்த வீட்டைப் பார்த்தால் உள்ளே இருப்பவர்களும் பணக்காரர்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாமியின் கணவர் குஞ்சிதபாதம் கோயிலில் முறை வைத்துப் பூஜை செய்த குருக்கள். கோயிலை ஒட்டிய தெருவில் அண்ணன் தம்பிகள் நாலு பேருக்குமாக இருந்த வீட்டை விற்றுவிட்டார்கள், அங்கே லாட்ஜ் எழும்பிவிட்டது. இவர்கள் பங்குக்கு வந்தது, அவருக்குப் பக்கவாதம் வந்தபோது ஆஸ்பத்திரிக்குச் சரியாகப் போனது. அப்புறம் வாடகைக்கு வீடு தேடினார்கள். படுக்கையில் கிடக்கும் நோயாளி என்று தெரிந்தால் ஒருவரும் கொடுப்பதாக இல்லை. வீட்டில் சாவு விழுந்தால் அடுத்து யார் குடி வருவார்கள் என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். ஏழு வீடு பார்த்து, ஏழிலும் இதே பதில்.

ஓசூரில் வேலை பார்க்கும் மகன் ஸ்கந்தன்தான் கடைசியில் இந்த வீட்டைப் பிடித்தான். சொந்தக்காரர் சென்னையில் இருந்தார். பூட்டிக் கிடந்தால் கரையான் ஏறிவிடும், யாராவது விளக்கேற்றிக்கொண்டு இருந்தால் போதும் என்று குறைந்த வாடகைக்கே கொடுத்தார். அப்பாவுக்குக் கை கொஞ்சம் வராது, மற்றபடி நடப்பார் என்று ஸ்கந்தன் அவரிடம் சொல்லியிருந்தான்.

குஞ்சிதபாதம் நடக்கமாட்டார். பேச்சும் போய்விட்டது. வாயில் மிஞ்சியிருந்தது "சிவா" என்கிற ஒரே சொல். பசித்தாலும் சிவா, வலித்தாலும் சிவா, பாஞ்சாலை வாசலில் செருப்பை விடும் சத்தம் கேட்டாலும் சிவா.

ஆரம்பத்தில் பாஞ்சாலைக்குப் பின்கட்டில் பாத்திரமும் வாசல் பெருக்குவதும்தான் வேலை. கூடத்தைத் தாண்டி உள்ளே வந்ததில்லை, மாமி கூப்பிட்டதும் இல்லை. ஒரு நாள் காலையில் மாமிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவரைப் புரட்டிப் போட முடியாமல் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து அழுதவள், வெகு நேரம் கழித்துப் பின்கட்டுக்கு வந்து நின்றாள்.

"பாஞ்சாலை, கையைக் காலை அலம்பிண்டு உள்ள வரியா?"

அவ்வளவுதான் கேட்டாள். பாஞ்சாலையும் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு வருடம் அவரைத் தூக்கியது, குளிப்பாட்டியது, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்தது, கஞ்சி ஊட்டியது எல்லாம் அவள்தான். பெற்ற அப்பனுக்குக் கூட அவள் இதையெல்லாம் செய்ததில்லை. அந்த ஆள் குடித்துவிட்டு ஒரே நாளில் போய்ச் சேர்ந்தவர்.

வீட்டுச் சொந்தக்காரர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சென்னையிலிருந்து வந்து பார்ப்பார். அன்றைக்கு மட்டும் மாமியும் பாஞ்சாலையும் சேர்ந்து, சாமி என்று பாஞ்சாலை கூப்பிடும் அவரைக் குளிப்பாட்டி, விபூதி பூசி, சால்வை போர்த்தி, ஜன்னலோர நாற்காலியில் தலையணை அண்டக்கொடுத்து உட்கார வைப்பார்கள். மடியில் ஒரு பேப்பர். "இப்பத்தான் நடந்துட்டு வந்து உக்காந்தார்," என்பாள் மாமி. வீட்டுக்காரர் போனதும் இரண்டு பேரும் மூச்சு விடுவார்கள். ஒரு தடவை பேப்பரைத் தலைகீழாக வைத்துவிட்டதை அப்புறம்தான் பார்த்து, சிரித்துச் சிரித்து மாமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சித்ரா பௌர்ணமி அன்று பாஞ்சாலை காலையிலேயே வேலையை முடித்துவிட்டு வந்திருந்தாள். மத்தியானத்துக்கு மேல் ஏரிக்கரை வழியாக வந்தாலும் கிரிவலப் பாதையைத் தாண்ட முடியாது. அவ்வளவு ஜனம். இரண்டேமுக்கால் மணிக்கு ஃபோன் வந்தது.

"பாஞ்சாலை, அவர் விழுந்துட்டார். பாத்ரூம்ல." மாமி கத்தவில்லை, கிசுகிசுத்தாள். "நாற்காலியோட தள்ளிண்டு போய் உள்ள உக்கார வெச்சுட்டு, பால் பொங்கறதேன்னு ஒரு நிமிஷம் வந்தேன். கதவுக்குப் பின்னாடி விழுந்து கெடக்கார். கதவு தொறக்கலை. சத்தமே இல்லடி."

"பக்கத்து வீட்ல கூப்பிடுங்க மாமி!"

"ஐயோ, வேண்டாம். வீட்டுக்காரருக்குப் போயிடும். நீ வாயேன். எப்படியாவது வா."

பாஞ்சாலை ஓடினாள். பின்கேட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நூறு தப்படி கூட இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் மாமியின் சமையலறை ஜன்னல் தெரிந்தது. முன்கேட்டில் டூட்டியில் இருந்த தருமனுக்கு ஃபோன் போட்டாள்.

"சாமி விழுந்துட்டாருங்க. சாவி எட்த்துக்கினு ஓடியாங்க."

தருமன் சைக்கிளில் வந்தான். சாவி கையில் இருந்தது, ஆனால் பூட்டில் போடவில்லை. மேலே கேமராவைப் பார்த்தான். எழுத்தில் உத்தரவு இல்லாமல் பின்கேட்டைத் திறந்தால் வேலை போய்விடும் என்று அவனிடம் கையெழுத்தே வாங்கியிருந்தார்கள். செக்ரட்டரி கோதண்டராமனுக்கு இரண்டு தடவை ஃபோன் பண்ணினான். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர், பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர். ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு, காலில் செருப்பில்லாமல், அந்தக் கூட்டத்தில் எங்கேயோ நடந்துகொண்டிருந்தார்.

"எடுக்க மாட்றாரு," என்றான் தருமன்.

"உள்ள ஒரு உசுரு போய்க்கினு கீது," என்றாள் பாஞ்சாலை.

அவன் பூட்டைத் திறந்தான்.

பாத்ரூம் கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. சாமியின் உடம்பு அதில் சாய்ந்து கிடந்தது. வேகமாகத் தள்ளினால் கழுத்து முறிந்துவிடும். தருமன் தோளைக் கொடுத்து விரற்கடை விரற்கடையாகத் தள்ள, ஒல்லியான பாஞ்சாலை அந்த இடுக்கில் உடம்பைச் சொருகி உள்ளே போனாள். முகம் நீலம் பாரித்திருந்தது. நாக்கு மடிந்து கிடந்தது. அவள் அவரை ஒருக்களித்துப் புரட்டி, வாய்க்குள் விரலை விட்டு வழித்தாள். முதுகில் தட்டினாள். எத்தனை தடவை தட்டினாள் என்று தெரியாது. கடைசியில் ஒரு இருமல் வந்தது. அதற்குப் பின்னால், "சிவா."

மாமி கூடத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாஞ்சாலையின் ஈரக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அவரைத் தூக்கிப் படுக்க வைத்துத் துடைத்துவிட்டு தருமன் வெளியே வரும்போது இருபது நிமிடம் ஆகியிருந்தது. அந்த இருபது நிமிடமும் பின்கேட் திறந்தே கிடந்தது. கூட்டத்துக்குப் பயந்து தெரு வழியாக வந்த கிரிவலக்காரர்கள், திறந்த கேட்டைப் பார்த்துக் குறுக்கு வழி என்று நுழைந்துவிட்டார்கள். முப்பது நாற்பது பேர் இருக்கும். வெயிலில் காய்ந்து வந்தவர்கள். பார்க் குழாயில் முகம் கழுவினார்கள், புல்லில் படுத்தார்கள், ஒரு கிழவர் யாரோ ஒருவர் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து யாரோ வீடியோ எடுத்து குரூப்பில் போட்டார்கள். தருமன் கையெடுத்துக் கும்பிட்டு எல்லாரையும் வெளியே அனுப்பினான். ஒரு பொருள் தொலையவில்லை, ஒரு செடி ஒடியவில்லை. ஆனாலும் மறுநாள் காலை பத்து மணிக்கு மீட்டிங்.

பாஞ்சாலையையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஹாலுக்கு வெளியே வராந்தாவில் நின்றாள். தருமன் உள்ளே சுவரோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கோதண்டராமன் கெட்டவர் இல்லை. தலைவலிக்காரர் மாதிரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"தருமா, ஏன்ப்பா தொறந்த?"

"பத்தொம்பதாம் நம்பர்ல சாமி விழுந்துட்டாருங்க சார். அந்தம்மாதான் எங்க வீட்டுக்கு ஃபோன் பண்ணாங்க."

"அந்தம்மாகிட்டயே ஃபோன் பண்ணி கேட்டாச்சு. சீரியஸா ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்களே?" அவர் திரும்பினார். "அம்மா, நீங்களே சொல்லிடுங்க. நீங்க கூப்பிட்டீங்களா?"

ஹைமவதி மாமி இரண்டாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி, கையில் ஃபோனோடு, வீட்டின் சொந்தக்காரருடைய மச்சினன். அவனுக்கும் அங்கே ஒரு வீடு இருந்தது. மாமி எழுந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நான் யாரையும் கூப்பிடலை," என்றாள். "அவர் நன்னாத்தான் இருக்கார். லேசா வழுக்கிட்டார், அவரே எழுந்துண்டுட்டார். இவா எதுக்கு வந்தான்னு நேக்குத் தெரியாது."

பாஞ்சாலையின் ஃபோன் அவள் கைக்குள் இருந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் போதும், 'மாமி' என்ற பேரும் இரண்டேமுக்கால் மணியும் வெளிச்சமாக வந்து நிற்கும். தருமன் திரும்பி அவளைப் பார்த்தான். காட்டு என்று வாயால் சொல்லவில்லை, கண்ணால் சொன்னான்.

அவள் மாமியைப் பார்த்தாள். இப்போது பேசுவாள், இதோ திரும்புவாள், தானாகவே சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தாள். மாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஃபோனைக் காட்டினால் சாயங்காலத்துக்குள் சென்னைக்குச் செய்தி போகும். அப்புறம் சாமியை எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள்? ஒன்பதாவது வீடு எது?

பாஞ்சாலை ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பொண்டாட்டிக்காகக் கேட்டைத் திறந்தான் என்று எழுதி, தருமனை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். இனிமேல் உள்ளே வரக்கூடாது என்று பாஞ்சாலைக்கும் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாளில் வெல்டிங் ஆள் வந்து பின்கேட்டில் குறுக்கே பட்டை வைத்துப் பற்றவைத்துவிட்டுப் போனான். "உங்களாலதான் அடியோட போச்சு," என்று தெருவிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தருமன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாப்பிட்டுக் கையைக் கழுவும்போது ஒரே ஒரு தடவை கேட்டான்.

"ஏன் காட்டல?"

அவள் அவன் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள்.

"எனக்கு அம்பத்தி மூணு வயசாவுது," என்றான். "இனிமே எவன் வேல குடுப்பான், அத நெனச்சியா?"

டவுனில் இரண்டு வாரம் அலைந்தான். லாட்ஜுகளில் எல்லாம் சின்ன வயசு ஆட்களாகக் கேட்டார்கள். கடைசியில் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்து, பெட்டியோடு பஸ் ஏறினான். ஒரு ரூமில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு மணி நேர டூட்டி, மாதம் ஒரு நாள் லீவு. கல்யாணமான இருபது வருடத்தில் அவன் அவளைவிட்டு ஒரு ராத்திரி கூட வெளியூரில் தங்கியதில்லை. முதல் வாரம் தினமும் ஃபோன் பண்ணினான். அப்புறம் இனியாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்தான். பாஞ்சாலை டவுனில் ஒரு லாட்ஜில் பெட்ஷீட் துவைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். சோடா பவுடரில் உள்ளங்கைத் தோல் உரிந்தது.

மாமி ஃபோன் பண்ணினாள். முதல் நாள் ஆறு தடவை, மறுநாள் நாலு தடவை. பாஞ்சாலை ஃபோனைக் கவிழ்த்துவைத்தாள். மூன்றாம் நாளிலிருந்து வரவில்லை. கைகள் ஓய்ந்திருக்கும் நேரத்தில், இந்நேரம் சாமிக்குக் கஞ்சி ஆறியிருக்கும், இந்நேரம் புரட்டிப் படுக்க வைக்கணும் என்று மனசு கணக்குப் போட்டது. அப்படிப் போட்டதற்காக அவளுக்கே அவள் மேல் கோபம் வந்தது.

ஆனி மாதம் ஒரு காலையில், தெருவிலும் அருள்வனத்திலும் பால் ஊற்றும் காசி வண்டியை நிறுத்தினான்.

"பத்தொம்பதாம் நம்பர் ஐயரு பூட்டாரு, தெரியுமா? ஆஸ்பத்திரில. முதுகுப் புண்ணு அழுவிப்போச்சாம். தூக்கிப் பொரட்ட ஆளில்ல, அந்தம்மா ஒண்டியா இன்னா பண்ணும்."

பாஞ்சாலை ஏரிக்கரை வழியாக முன்கேட்டுக்கு ஓடினாள். புதுக் காவல்காரன் அவள் பேரை நோட்டில் பார்த்துவிட்டு, உள்ளே விடக்கூடாதென்று எழுதியிருக்கிறது என்றான். பொணத்தப் பாத்துட்டுப் போய்டறேன் என்று கெஞ்சினாள். உடம்பு இங்கே வராது, வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போகிறார்கள் என்றான் அவன். அவள் கேட்டோரம் வெயிலில் நின்றாள். எத்தனை நேரம் நின்றாலும் பார்க்க ஒன்றும் இல்லை என்று புரிந்த பிறகும் நின்றாள்.

அன்றைக்குத் தருமனுக்கு அவளே ஃபோன் பண்ணிச் சொன்னாள். அந்தப் பக்கம் கம்பெனி சைரன் கேட்டது.

"அப்ப எதுக்குமே பிரயோஜனமில்லாம பூட்ச்சா?" என்றான். பிறகு, "நீ அழுவாத," என்றான். ஆனால் அழுதது அவன்தான் என்று அவளுக்குக் கேட்டது.

காரியம் எல்லாம் முடிந்து நாலைந்து நாள் கழித்து, மத்தியான வெயிலில் ஹைமவதி மாமி பாஞ்சாலையின் வாசலில் வந்து நின்றாள். ஏரிக்கரை வழியாகத் தனியாக நடந்து வந்திருந்தாள். தோளில் ஒரு துணிப் பை. நெற்றி வெறுமையாக இருந்தது. இரண்டு மாதத்தில் பத்து வயது கூடியவளைப் போல் இருந்தாள். தெருவில் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். பாஞ்சாலை உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. ஸ்டூலை எடுத்து வாசலில் போட்டாள்.

"வீட்டைக் காலி பண்ணிட்டேன்," என்றாள் மாமி. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்னிக்கே வீட்டுக்காராளுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஸ்கந்தன் ஒரே ரூம்ல இருக்கான், கொழந்தைகளோட. அங்கதான் போறேன்."

பாஞ்சாலை கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"நான் சொன்னது பாவம்தான். தெரிஞ்சேதான் சொன்னேன். அவரை நடுத்தெருவுல வெச்சுடுவாளோன்னு பயம். உன் ஆம்படையான் திடமா இருக்கான், அவனுக்கு வேற வேலை கெடைச்சுடும்னு மனசைத் தேத்திண்டேன்." பையைத் தோளிலிருந்து மடிக்கு மாற்றிக்கொண்டாள். "உன் ஃபோன்ல என் நம்பர் இருந்துதே பாஞ்சாலை. நீ ஏன் காட்டலை? காட்டியிருந்தா நான் சொன்னது பொய்யின்னு ஆகியிருக்கும். அதோட போயிருக்கும்."

"காட்டிருக்கணும் மாமி," என்றாள் பாஞ்சாலை. தருமனுக்குச் சொல்ல முடியாத பதில் இப்போது தங்குதடையில்லாமல் வந்தது. "சாமிய நெனச்சு சும்மா இருந்துட்டேன். நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். தெனம் நெனைக்கிறேன், காட்டிருக்கணும்னு. எம் புருசன் அங்க பன்னெண்டு பேருக்கு நடுவுல சுருண்டு படுத்துக்கினு கீறாரு. சாமியும் பூட்டாரு. யாருக்குமே ஒரு நல்லதும் ஆவல."

மாமி தலையை ஆட்டினாள். மன்னிப்பு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாஞ்சாலை கொடுத்திருக்கவும் மாட்டாள்.

"கடைசி ரெண்டு நாள் நெனைவு வரும்போதெல்லாம் வாசலையே பாத்துண்டிருந்தார்," என்றாள் மாமி. "யார் செருப்பு விட்டாலும் சிவாம்பார். நீயில்லன்னு தெரிஞ்சா கண்ணை மூடிண்டுடுவார்."

இவ்வளவு நாள் வராத அழுகை பாஞ்சாலைக்கு அப்போதுதான் வந்தது. வாசற்படியில் உட்கார்ந்து, துவைத்துத் துவைத்துப் புண்ணான இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமி எழுந்து வரவில்லை. ஸ்டூலிலேயே உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, அவளும் அழுதாள். இரண்டு பேருக்கும் நடுவில் நாலடி தூரம் இருந்தது. யாரும் அதைத் தாண்டவில்லை.

மூன்று மணிக்கு மேல் பாஞ்சாலை எழுந்து முகம் கழுவினாள். லாட்ஜில் சாயங்கால ஷிஃப்டுக்கு அவளும் டவுனுக்குப் போக வேண்டும். பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். மாமி பின்னால் வந்தாள். ஏரிக்கரையில் ஒரு இடத்தில் கரை சரிந்திருந்தது, பாஞ்சாலை நின்று கையை நீட்டினாள், மாமி பிடித்துக்கொண்டு இறங்கினாள், பிறகு கையை விட்டுவிட்டாள்.

டவுன் பஸ்ஸில் ஒரு சீட்தான் காலியாக இருந்தது. மாமியை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பையை மடியில் கொடுத்தாள். அதே பஸ்ஸில் மாமியின் பக்கத்தில் நின்றுகொண்டே அவளும் போயிருக்கலாம். ஆனால் படியில் இறங்கிவிட்டாள். அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் ஆகும், மேனேஜர் கத்துவான். பரவாயில்லை என்று ரோட்டோரப் புளியமரத்தடியில் போய் நின்றாள்.